பிளேன் போட்ட காசு

சென்ற இதழில் பிள்ளைகளுக்குப் பாடசாலை இடம் எடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் அன்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "எந்த நாளும் விண்ணப்பம் நிரப்புற கதைதானோ? எங்கட சனத்துக்கு ஒரு பொழுதுபோக்கும் இல்லையெண்டு நினைச்சியளோ?" என்று ஏசினார். ஏச்சில் நியாயம் இருக்கிறது. வந்து இறங்கிய நாள் முதல் கடிதம், கையொப்பம், காத்திருப்பு என்றே எங்கள் காலம் போகிறது. ஆகவே இந்த மாதம் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் அது அவ்வளவு இலேசான விடயம் அல்ல என்று தெரிந்தது.

சவுத்தாலில் எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்ரர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர் வசாவிளான். அங்கே கணக்குப் படிப்பித்தவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறும்போது நான்தான் பின்னுக்கு நிற்பேன். அவர் காசு சேர்க்கிறவர். காசு சேர்க்காதவர் எங்களில் யார் என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் சேர்ப்பது வட்டிக்கும் சீட்டுக்கும் போகும் காசு. மாஸ்ரர் சேர்ப்பது ஒருநாளும் செலவழியாத காசு. அதிலும் எல்லாக் காசும் வேண்டாம். ஒரு பக்கத்திலாவது விமானம் பொறித்திருக்க வேண்டும். அப்படி இருநூற்றுக்குக் கிட்ட நாணயங்கள், இரண்டு அல்பங்களில், நாடு வாரியாக.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்டால் அவர் பலாலியில் தொடங்குவார். பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்தது. சுதந்திரம் கிடைப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறைக்கென்று இந்தப் பலாலியில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம். அதற்கு 'சீதாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று மாஸ்ரர் சிறு பையன். ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்களாம். "வால் நிலத்தில, மூக்கு வானத்தில. வெள்ளைக்காரன் சாய்மனைக் கதிரையில சரிஞ்சு கிடக்கிற மாதிரி இருந்தது" என்பார். டக்கோட்டாவைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்த உவமை விளங்கும்.

அந்த விமானத்தின் பிறந்தநாளையும் அவர் மறக்க மாட்டார். டி.சி. 3 முதன்முதல் பறந்தது 1935 டிசம்பர் 17. அமெரிக்காவில் றைற் சகோதரர்கள் முதன்முதல் பறந்தது 1903 டிசம்பர் 17. அதே திகதி, முப்பத்திரண்டு வருட இடைவெளி. கணக்கு வாத்தியாருக்கு இது போதும், அரைமணி நேரம் பேசுவார்.

நாணயம் சேர்க்கத் தொடங்கியது இங்கே வந்த பிறகு. 1991இல் வந்து சேர்ந்தபோது, வழியில் தங்கிய நாடுகளின் சில்லறை எல்லாம் காற்சட்டைப் பைக்குள் கிடந்தது. தாய்லாந்துக் காசு, ரஷ்யக் கொப்பெக், ஜேர்மன் பெனிக், அவற்றுக்கு நடுவே ஊரில் இருந்து வந்த சதுர ஐந்து சதம் ஒன்று. எதையும் இங்கே ஒரு கடையிலும் எடுக்க மாட்டார்கள். எறியவும் மனம் வரவில்லை. ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்தார். எங்கள் வீடுகளிலும் அப்படி ஒரு ரின் இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை சவுத்தால் சந்தைக்குப் போயிருக்கிறார். அந்த நாளில் புதன்கிழமைகளில் குதிரை ஏலம் கூறிய சந்தை அது. சனிக்கிழமைகளில் பழைய சாமான்களும் உடுப்புகளும். ஒரு தட்டில் பித்தளை நிறத்தில் பெரிய காசு ஒன்று. ஒரு பக்கம் மஸ்ராங் என்ற போர் விமானம். மார்ஷல் தீவுகள், 1991, பத்து டொலர் என்று எழுத்து. விலை ஐம்பது பென்ஸ். பத்து டொலரை ஐம்பது பென்சுக்கு விற்கிற விசரன் யார் என்று நினைத்து, வாங்கிக்கொண்டு நேரே காசு மாற்றும் இடத்துக்கு ஓடியிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெட்டை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்குதாம்.

வாசகர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மார்ஷல் தீவுகளில் மக்கள் கடைக்குக் கொண்டுபோவது அமெரிக்க டொலர். விமானம் போட்ட அந்தக் காசுகள் சேகரிப்பவர்களிடம் விற்பதற்கென்றே அடிக்கப்பட்டவை. இப்படிப் பல சிறு நாடுகள் செய்கின்றன. பத்திரிகைகளில் 'நினைவு நாணயம், ஒன்று இலவசம்' என்று விளம்பரம் வரும். அதில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். முதல் காசு இலவசமாக வரும். பிறகு மாதம் ஒன்று தபாலில் வந்துகொண்டே இருக்கும், பில்லும் சேர்ந்து வரும். கேளாமல் அனுப்பிய பொருளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்று இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டால் அது கேட்ட பொருளாகிவிடும். மாஸ்ரர் அதன் பிறகு ஒரு சட்டம் வைத்தார்: காசு கொடுத்துக் காசு வாங்குவதில்லை. சில்லறையில் வர வேண்டும், அல்லது ஆராவது தர வேண்டும்.

அந்தச் சட்டத்தால் அவருடைய அல்பம் பணக்கார அல்பம் அல்ல. கனடாவின் நாணயச் சாலை 1990 தொடக்கம் பத்து வருடமாக விமான வரலாற்றுக்கென்று வெளியிட்ட இருபது டொலர் வெள்ளிக் காசுகள், விமானியின் சிறு முகம் பொன் முலாமில் பதித்தவை, மிக அழகானவை. மாஸ்ரரிடம் ஒன்றுகூட இல்லை. பிரித்தானிய விமானப் படையின் நூற்றாண்டுக்கு 2018இல் வந்த இரண்டு பவுண் காசு ஐந்து வகை: படையின் சின்னம், ஸ்பிற்பயர், வல்கன், சீ கிங் ஹெலிகொப்ரர், எப் 35. இவையும் கடைச் சில்லறையில் வரவில்லை, வாங்க வேண்டும். வல்கன் மட்டும் மருமகன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது.

ஆனால் சில்லறையில் வந்த காசுகளுக்கு ஒரு தனி ருசி. எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் கால் டொலர். 2001இல் வட கரோலினா மாநிலத்துக்கென்று வந்தது. றைற் சகோதரர்களின் அந்த முதல் பறப்பைப் பிடித்த படம் அப்படியே காசில் இருக்கிறது. ஓவில் படுத்தபடி ஓட்டுகிறார், வில்பர் பக்கத்தில் நிற்கிறார். அன்று பறந்த தூரம் 120 அடி, நேரம் 12 செக்கன். எங்கள் ஊர்க் கோயில் வீதியில் தேர் ஒரு மூலையில் இருந்து அசைகிற தூரம் கூட இல்லை. நூறு கோடிக்கு மேல் அடித்துவிட்ட காசு என்பதால் அதற்கு விலை கிடையாது. யாராவது நியூயோர்க்குக்கோ ரொறன்ரோவுக்கோ போய்வந்தால் அவர்களுடைய பைக்குள் கிடக்கும். அடுத்த வருடம் ஒஹாயோ மாநிலமும் அதே விமானத்தைத் தன் கால் டொலரில் போட்டது. றைற் சகோதரர்கள் எங்கள் ஊர்க்காரர் என்று இரண்டு மாநிலங்களுக்கும் போட்டி! எங்கள் சனத்தின் ஊர்ச் சண்டை அங்கேயும் உண்டு.

இங்கேயே உங்கள் பேர்சில் தேடக்கூடியது 2015ஆம் ஆண்டின் ஐம்பது பென்ஸ். 'பிரித்தானியச் சமர்' நடந்து எழுபத்தைந்து ஆண்டு நிறைவுக்கு வந்தது. விமானிகள் தங்கள் விமானங்களை நோக்கி ஓடுகிறார்கள். ஏறத்தாழ அறுபது இலட்சம் வெளிவந்தது. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், கடையில் மிச்சக் காசு வாங்கும்போது திருப்பிப் பார்க்கட்டும்.

இதுவரை எழுதியது பொழுதுபோக்கு. இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

எங்கள் சனத்துக்கு விமானம் என்றால் என்ன என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்க முதல் படித்த பெயர்கள் சியாமச்செட்டி, பொம்பர், ஹெலி, சகடை, புக்காரா, கிபிர். சத்தத்தை வைத்து எது என்று சொல்லும் பிள்ளைகள். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் இருந்தவர்கள் மீது குண்டு விழுந்ததை மறந்தவர் யார்?

1998 தொடக்கத்தில் ஒரு குடும்பம் நோர்வூட் கிறீன் பக்கம் ஒரு வீட்டில் மேல்மாடி அறைக்கு வந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தைவிட்டு எல்லோரும் நடந்தபோது நடந்தவர்கள். பிறகு வன்னி, பிறகு கொழும்பு, பிறகு இங்கே. தாயும் எட்டு வயதுப் பையனும். நோர்வூட் கிறீன் எவ்வளவு அழகான இடம் என்று வீடு தேடித் தந்தவர் சொல்லியிருக்கிறார். ஹீத்றோவின் வடக்கு ஓடுபாதைக்கு இறங்கும் விமானங்கள் அதற்குத் தெற்கே வரிசையாக வரும் என்று அவர் சொல்லவில்லை. முதல் நாள் விடிய விமானச் சத்தம் கேட்டதும் பையன் மேசைக்குக் கீழே போய்விட்டான். பிறகு ஒவ்வொரு நாளும். சாப்பாடும் அங்கேதான்.

நானும் மாஸ்ரரும் அரிசியும் சட்டிபானையும் கொண்டு அவர்களைப் பார்க்கப் போனோம். மாஸ்ரர் பழக்கதோசத்தில் யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்து, "உதென்ன, ஜம்போ போகுது" என்றார், சந்தோசமாக. அந்தப் பிள்ளை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னது இது: "மாஸ்ரர், உங்களுக்கு அது விளையாட்டுச் சாமான். என்ர பிள்ளைக்கு முன்னால அதின்ர பேரைச் சொல்லாதையுங்கோ. இனி அந்தக் கதையோட வாறதெண்டால் வரவேண்டாம்."

மாஸ்ரர் ஒரு சொல் பேசவில்லை. படியிறங்கி, பஸ் தரிப்பிடம் வரை பேசவில்லை. அங்கே நின்றுகொண்டு, "அவ சொன்னது சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் நினைத்தேன், அல்பத்தை மூடிவிடுவார் என்று.

மூன்று கிழமை கழித்து, தாயிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, பையனை அக்ஸ்பிறிட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அக்ஸ்பிறிட்ஜில் விமானப் படை முகாமுக்குள்ளே நிலத்துக்குக் கீழ் ஒரு நிலவறை இருக்கிறது. 1940இல் இலண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த விமானங்களை அங்கிருந்துதான் நடத்தினார்கள். அந்த நாளில் முன்கூட்டி எழுதி அனுமதி எடுக்க வேண்டும். முகாம் 2010இல் மூடப்பட்டு, 2018இல் காட்சிக் கூடமும் கட்டித் திறந்துவிட்டபடியால் இப்போது போவது சுலபம். சவுத்தால் புறோட்வேயில் இருந்து ஒரே பஸ்.

எழுபத்தாறு படி இறங்க வேண்டும். அறுபது அடி ஆழம். கீழே பெரிய மேசை, அதன்மேல் தென் இங்கிலாந்தின் வரைபடம். விமானங்கள் எங்கே வருகின்றன என்பதை இளம் பெண்கள் நீண்ட தடிகளால் சிறு கட்டைகளைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்களாம். சுவரில் ஒரு மணிக்கூடு, ஐந்து ஐந்து நிமிடத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம். எந்தச் செய்தி எத்தனை நிமிடப் பழசு என்று கட்டையின் நிறத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். 1940 செப்ரெம்பர் 15 அன்று சேர்ச்சில் மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு விளக்கம் சொன்ன வெள்ளைக்கார முதியவர், அந்தக் கால இலண்டனில் வீட்டுத் தோட்டங்களில் கிடங்கு வெட்டி, வளைந்த இரும்புத் தகடு போட்டு, மண் மூடி, இரவிரவாக உள்ளே இருந்த கதையையும் சொன்னார்.

பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. மாஸ்ரரின் கையைச் சுரண்டி, "அப்ப இவையும் பங்கருக்குள்ள இருந்தவையோ?" என்று கேட்டான்.

"ஓம். இவையும்."

"பிறகு?"

"பிறகு வெளியில வந்தவை. பார், அந்த ஐயா நிக்கிறார்தானே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாஸ்ரர் பொக்கற்றில் இருந்து ஒரு காசு எடுத்துக் கொடுத்தார். சிட்னியில் இருக்கும் அவருடைய தங்கச்சி கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய ஒரு டொலர், 1997ஆம் ஆண்டு அடித்தது. பொன் நிறம். சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் சிமித் என்ற அவுஸ்திரேலிய விமானி அதில் இருக்கிறார். மூன்று எஞ்சின் பூட்டிய 'சதேர்ன் குறொஸ்' என்ற விமானத்தில், 1928இல், அமெரிக்காவிலிருந்து ஹவாய், பீஜி வழியாக அவுஸ்திரேலியாவுக்குப் பசிபிக் கடலை முதன்முதல் பறந்து கடந்தவர். கூட மூன்று பேர். பையன் அந்தக் கதையை எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. காசைக் கைக்குள் பொத்திக்கொண்டான். சவுத்தாலில் இறங்கும்போது தலைக்கு மேல் ஒன்று போனது. உடம்பு குறுகியது, கை திறக்கவில்லை. ஆனால் நின்றான்.

அவன் மேசையைவிட்டு முழுதாக வெளியே வர அந்தக் கோடை முடிந்துவிட்டது. ஒரு காசால் மாறியது என்று நான் எழுதினால் தாய் என்னோடு சண்டைக்கு வருவா. பாடசாலையில் நல்ல ரீச்சர் ஒருவர் இருந்தார், வைத்தியசாலையில் பிள்ளைகளோடு பேசுகிற ஒருவரிடமும் மாதக்கணக்காகப் போனார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிப் பிள்ளை இருந்தால் ஜீ.பீ.யிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாஸ்ரர் செய்தது அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேலை.

பிறகு அவர்கள் இருவரும் ஹற்றன் குறொஸ் நிலையத்துக்குக் கிட்ட மேட்டில் அவெனியூ என்ற சிறு தெருவின் முடிவில் உள்ள புல்வெளிக்குப் போகத் தொடங்கினார்கள். உலகத்தில் உள்ள விமானப் பைத்தியங்கள் எல்லாம் வந்து நிற்கும் இடம். காற்றை எதிர்த்தே விமானம் இறங்கும் என்பதால், ஊரில் சொல்கிற கச்சான் காற்று அடித்தால் கிழக்கே இருந்து வந்து தலையில் முட்டுவதுபோல் இறங்கும். இலண்டனில் பெரும்பாலும் கச்சான்தான். ஓடுபாதை இரண்டு. பின்னேரம் மூன்று மணிக்கு இறங்குகிற பாதையை மற்றப் பாதைக்கு மாற்றுவார்கள், கீழே இருக்கிற சனத்துக்கு அரைநாளாவது அமைதி கிடைக்கட்டும் என்று. நோர்வூட் கிறீனில் எப்போது சத்தம் வரும், எப்போது நிற்கும் என்பதைப் பையன் முதன்முதல் தெரிந்துகொண்டது அங்கேதான். எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் வேறு, தெரியாத சத்தம் வேறு.

மாஸ்ரர் அங்கே கொப்பியில் எதையும் எழுத விடமாட்டார். மற்றவர்கள் விமானங்களின் வாலில் உள்ள பதிவு இலக்கங்களை எழுதுவார்கள். "விசா வரட்டும், பிறகு எழுது" என்பார். அளவுக்கு மிஞ்சிய பயம் என்று நான் சிரித்தேன். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில், இலக்கம் எழுதிக்கொண்டு நின்ற பிரித்தானியப் பொழுதுபோக்குக்காரரை உளவாளிகள் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். தண்டனையும் விதித்து, 2002 இறுதியில்தான் மேன்முறையீட்டில் விடுவித்தார்கள். அதற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

சவுத்தாலுக்கே ஒரு விமானக் கதை உண்டு, இங்கே புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. ரயில் பாதைக்கு அருகே ஒரு பிரமாண்டமான காஸ் தாங்கி நின்றது. அதன் பக்கத்தில் எல், எச் என்று இரண்டு பெரிய ஆங்கில எழுத்தும் ஓர் அம்புக்குறியும். இலண்டன் ஹீத்றோ இந்தப் பக்கம் என்று விமானிகளுக்குக் கைகாட்டி! காரணம் என்னவென்றால், 1960 ஒக்ரோபர் 25 அன்று பான் அமெரிக்கன் கொம்பனியின் போயிங் 707 ஒன்று ஹீத்றோ என்று நினைத்து, சில மைல் வடக்கே உள்ள நோதோல்ட் விமானப் படைத் தளத்தில், 41 பயணிகளோடு போய் இறங்கிவிட்டது. ஹறோவிலும் இதே மாதிரி ஒரு காஸ் தாங்கி நின்றதால் வந்த வினை. அதற்குப் பிறகு அங்கே ஒரு நோதோல்ட் அடையாளமும், இங்கே ஹீத்றோ அடையாளமும் தீட்டினார்கள். எங்கள் தாங்கியை 2010களின் கடைசியில் கழற்றிவிட்டார்கள், இப்போது அந்தக் காணியில் மாடி வீடுகள். வழி தவறிய ஜெற் விமானத்துக்கே சவுத்தால் வழி சொல்லியிருக்கிறது என்று மாஸ்ரர் பெருமைப்படுவார், தானே எழுதிவிட்டது மாதிரி.

ஒருநாள் நான் அவரிடம் நேரே கேட்டேன். வசாவிளான் 1990இல் இடம்பெயர்ந்து போன ஊர். உங்கள் வீட்டுக்கு மேலாலேயே குண்டுக்காரன் எழும்பினான். எப்படி உங்களுக்கு இதில் ஆசை வருகிறது?

அவர் அவ்ரோவைப் பற்றிச் சொன்னார். அவ்ரோ 748 என்பது இங்கிலாந்தில் செய்த விமானம், 1960இல் முதன்முதல் பறந்தது. எயார் சிலோன் அதை 1964இல் வாங்கியது. பலாலிக்கும் இரத்மலானைக்கும் நடுவே எங்கள் ஆட்கள் அதில் பறந்தார்கள். மாஸ்ரர் கலியாணம் கட்டிய புதிதில் மனைவியோடு ஏறிய ஒரேயொரு விமானம் அதுதான். அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டியதாம். அதே வகை விமானத்தில் இருந்துதான் பிற்காலத்தில் எங்கள் தலைக்கு மேல் பீப்பாக் குண்டு உருட்டினார்கள். 1987 யூன் 4ஆம் திகதி பின்னேரம், இந்தியாவின் அன்ரனோவ் 32 விமானங்கள் ஐந்து, மிராஜ் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்தன. சனம் முதலில் பங்கருக்குள் பாய்ந்தது. மாஸ்ரர் முற்றத்தில் நின்றுகொண்டு, "எஞ்சின் செட்டைக்கு மேல இருக்கு, இது எங்கட நாட்டுப் பிளேன் இல்லை" என்று கத்தினாராம். வானத்தில் இருந்து விழுந்தது சாப்பாட்டுப் பொதி. ஏறத்தாழ 25 தொன் அன்று போட்டார்கள்.

"பிளேன் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பிடிச் சொல்லுறதும் லேசான கதைதான்" என்றார்.

அவருடைய இரண்டாவது அல்பத்தின் கடைசியில் ஒரு பழுப்புக் கடித உறை ஒட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு காசு. இலங்கை விமானப் படைக்கு 50 ஆண்டு நிறைவு என்று 2001இல் மத்திய வங்கி வெளியிட்ட நினைவுக் காசு. கொழும்பில் உள்ள உறவினர் ஒருவர், மாஸ்ரர் விமானக் காசு சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, நல்ல மனதோடு அனுப்பியது. நான் அதை எறியச் சொன்னேன். கோபமாகவே சொன்னேன். நவாலியை மறந்துவிட்டீர்களா என்றும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவர் எறியவில்லை. மற்றக் காசுகளோடு கண்ணாடித் தாளுக்குள் வைக்கவும் இல்லை. உறையின் மேல் பென்சிலால் நான்கைந்து பெயர் எழுதியிருக்கிறார். எவருடைய பெயர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாய் பின்னொரு நாள் அந்த உறையைப் பார்த்தா. "அது கிடக்கட்டும்" என்றா. இன்றைக்கும் நான் அவர்கள் இருவருக்கும் மாறான கட்சிதான். என் கையில் கிடைத்திருந்தால் அது தேம்ஸ் ஆற்றுக்குள் போயிருக்கும்.

2003 ஒக்ரோபர் 24ஆம் திகதி கொன்கோர்ட் விமானங்களின் கடைசிப் பயணிகள் சேவை. மூன்று கொன்கோர்ட் ஒன்றன்பின் ஒன்றாக ஹீத்றோவில் இறங்கின. தெருவெல்லாம் சனம். பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது, மாஸ்ரரைவிட உயரம். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம், நூறு பேர், நியூயோர்க் மூன்றரை மணித்தியாலம் என்று இவன் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றான். கொன்கோர்ட்டின் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெஞ்செலும்பு அதிரும். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். காதைப் பொத்தினான், எல்லோரையும் போல. ஒரு கையால் மட்டும். மற்றக் கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

இனி, இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு மாஸ்ரர் சொல்லச் சொன்னவை. காசைப் புளி போட்டோ தேசிக்காய் போட்டோ மினுக்க வேண்டாம். எங்கள் பெண்கள் குத்துவிளக்கு மினுக்குவதுபோல் மினுக்கினால் காசின் மேற்தோல் போய்விடும், சேகரிப்பவன் அதைத் தொடவும் மாட்டான். விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்க வேண்டாம். மலிவான மெல்லிய பிளாஸ்ரிக் உறைகளில் நெடுங்காலம் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும். கடதாசி உறை நல்லது. பிள்ளைகளை ஒருநாள் பிரித்தானிய நூதனசாலையில் 68ஆம் இலக்க அறைக்குக் கூட்டிப்போங்கள், உலகத்து நாணயங்கள், நுழைவு இலவசம். நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பொறித்துக் காசு அடித்த அரசு யாழ்ப்பாணத்தில் இருந்தது என்பதையும் அங்கே வைத்துச் சொல்லிக் கொடுங்கள். விமானம் பார்க்க ஹென்டனில் விமானப் படை நூதனசாலை, அதுவும் இலவசம். அங்கே ஹரிக்கேன் விமானத்தைக் கண்டால், 1942 ஏப்ரலில் யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டபோது எதிர்த்துப் பறந்தது அந்த வகைதான் என்று சொல்ல மறக்க வேண்டாம். பிள்ளைக்குத் தன் ஊரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியட்டும்.

பலாலி 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையில் இருந்து திரும்பவும் விமானம் வரத் தொடங்கியது. நோய்த்தொற்றுக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அந்தப் பாதையில் மாஸ்ரர் ஒருமுறை போக வேண்டும் என்கிறார். மகள், முழங்கால் வருத்தத்தைக் காட்டி மறிக்கிறா. பேச்சுவார்த்தை நடக்கிறது.

அந்தப் பையன் இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஹேய்சில் இருக்கிறான். கிங்ஸ்போர்ட் சிமித் இன்னும் அவனிடம்தான். மாஸ்ரரின் அல்பத்தில் அவுஸ்திரேலியாப் பக்கத்தில், 1998இல் இருந்து ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அபூர்வமான காசு அல்ல, கடையில் சில பவுணுக்குக் கிடைக்கும். ஆனால் அவர் வைத்த சட்டம் உங்களுக்குத் தெரியும். ஆகவே மாஸ்ரருக்குத் தெரியாமல் ஒரு வேண்டுகோள்: சிட்னி, மெல்பேண் பக்கம் உறவினர் உள்ளவர்கள், அவர்களுடைய சில்லறைப் போத்தலைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டொலர், 1997, விமானி படம். கிடைத்தால் இதழின் முகவரிக்கு ஒரு கடித உறையில் போட்டு அனுப்புங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மினுக்காமல் அனுப்புங்கள்.